வீழ்ந்த பாலமும் விளைந்த பாடமும்

தோல்வியே வெற்றிக்கு முதற்படி என்னும் தொடரைத் தம் கட்டுரை ஏட்டில் ஒரு முறையேனும் எழுதாத தமிழ் மாணவர் அரியர். ஆசிரியர் அதனைக் கரும்பலகையில் எழுதுகிறார். மாணவர் பார்த்து எழுதுகின்றனர். தேர்வில் அது முடிவுரைக்கு அணியாகிறது. ஆனால், அதே மாணவர் கணக்கில் தவறு செய்துவிட்டால் சிவப்பு மையால் ஒரு குறுக்குக் கோடும், மதிப்பெண் குறைப்பும், சில வேளைகளில் ஒரு கடுஞ்சொல்லுமே அவருக்குக் கிடைக்கின்றன. அந்தப் படி எங்கே இருக்கிறது, அதில் கால் வைத்து ஏறுவது எவ்வாறு என்று சொல்லித் தருவார் இல்லை. பொன்மொழியாகப் போற்றப்படுவது வகுப்பறையில் நடைமுறை ஆவதில்லை என்பது கல்வி உலகின் பழைய முரண்பாடு.

இம்முரண்பாடு எல்லாக் கல்விக்கும் பொதுவாயினும், பொறியியற் கல்வியில் அதன் விளைவு கொடிது. யாப்பில் பிழை நேர்ந்தால் செய்யுளின் ஓசை கெடும். கட்டுமானக் கணக்கில் பிழை நேர்ந்தால் கூரை தலைமேல் விழும். ஆகவே, தவறுகளிலிருந்து கற்பது எப்படி என்னும் வினா வேறு எத்துறையினரையும்விடப் பொறியியலாரை ஆழமாகத் தீண்டியிருக்க வேண்டும். அவ்வினாவை மையமாக வைத்துப் பொதுமக்களும் படிக்கத்தக்க நடையில் நூல் செய்தவருள் முதன்மையானவர் ஹென்றி பெட்ரோஸ்கி. 1942ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்த இவர், வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராகப் பணியாற்றி, 2023ஆம் ஆண்டு மறைந்தார். 1985ஆம் ஆண்டு வெளிவந்த இவருடைய 'டு எஞ்சினியர் இஸ் ஹியூமன்' என்னும் நூலே ஈண்டு ஆராயப்படுகிறது. தவறு செய்வது மனித இயல்பு என்னும் ஆங்கில முதுமொழியைச் சற்றே திருப்பி, பொறிவினை புரிவதும் மனித இயல்பே என்று பொருள்படும்படி அத்தலைப்பை அமைத்துள்ளார். தலைப்பிலேயே நூலின் கருத்து அடங்கியிருக்கிறது.

நூலின் நோக்கும் போக்கும்

பெட்ரோஸ்கி கடுமையான சூத்திரங்களோடு தொடங்கவில்லை, குழந்தையோடு தொடங்குகிறார். தவழும் குழந்தை எழுந்து நிற்கிறது, விழுகிறது, மீண்டும் எழுகிறது. ஆங்கிலக் குழந்தைப் பாடல்கள் பலவற்றில் பாலம் விழுவதும், உயரத்தில் இருப்பது உடைவதும் இடம்பெறுவதை அவர் எடுத்துக்காட்டுகிறார். பொருள்கள் விழும், முறியும், உடையும் என்னும் அறிவு பள்ளிக்குச் செல்லும் முன்பே ஒவ்வொருவருக்கும் வாய்த்துவிடுகிறது என்பது அவர் கூற்று.

அடுத்து, தம் மகனின் விளையாட்டுப் பொருளைக் காட்டுகிறார். எழுத்துக்கூட்டச் சொல்லித் தரும் அந்தச் சிறு பொறியில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய விசைகள் உண்டு. அவற்றுள் முதலில் முறிந்தது 'இ' என்னும் எழுத்தின் விசை. ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயிலும் எழுத்து அதுவே. மிகுதியாக அழுத்தப்பட்டது முதலில் முறிந்தது. இந்தச் சிறு நிகழ்ச்சியிலிருந்து உலோகக் களைப்பு என்னும் பெரிய கருத்துக்கு அவர் வழி அமைத்துக்கொள்கிறார். ஒரு முறை வளைத்தால் முறியாத கம்பி, பன்முறை வளைத்தால் முறிகிறது. தாள்களைக் கோக்கும் சிறு கம்பிப் பிடிகளை மாணவரிடம் கொடுத்து, எத்தனை முறை வளைத்தால் முறிகிறது என்று எண்ணச் சொல்கிறார். ஒரே வகைக் கம்பிகள் ஒரே எண்ணிக்கையில் முறிவதில்லை. ஆகவே, பொறியியலார் எவ்வளவு கணக்கிட்டாலும் ஓர் ஐயத்திற்கு இடம் வைத்தே ஆக வேண்டும் என்பது அம்மாணவருக்குத் தம் விரல்களாலேயே விளங்கிவிடுகிறது. காப்புக் காரணி என்று பாடநூல்கள் குறிப்பிடுவதன் அடிப்படை இதுவே.

இத்தகைய எளிய வாயில்களின் வழியாக நுழைந்து, நூலாசிரியர் தம் மையக் கருத்தை நிறுவுகிறார். ஒவ்வொரு வடிவமைப்பும் ஒரு கருதுகோள். இப்பாலம் இச்சுமையைத் தாங்கும் என்பது ஒரு கூற்று. பாலம் பல்லாண்டு நின்றாலும் அக்கூற்று முற்றாக மெய்ப்பிக்கப்பட்டதாகாது. நாளை இதுவரை வராத சுமை வரலாம். ஆனால், ஒரு முறை விழுந்துவிட்டால் அது பொய் என்பது உறுதியாகிவிடுகிறது. ஆகவே, நிற்கும் நூறு பாலங்களைவிட விழுந்த ஒரு பாலம் தெளிவாகப் பேசுகிறது. நல்ல வடிவமைப்பு என்பது தோல்வியை முன்கூட்டியே கற்பனை செய்து தடுப்பதே ஆகும். 1851ஆம் ஆண்டு இலண்டனில் எழுந்த பளிங்கு மாளிகையின் மேல்தளங்களில் படைவீரரை நடக்கவிட்டு முன்பே சோதித்த நிகழ்ச்சியை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்.

ஒரு திருகாணியின் கதை

நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று, கான்சாஸ் நகரத்து ஹயாட் ரீஜன்சி தங்குவிடுதியில் நேர்ந்த கொடுமையைப் பற்றியது. 1981ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் மாலையில், அவ்விடுதியின் முன்கூடத்தில் நடன நிகழ்ச்சிக்காக மக்கள் திரண்டிருந்தபோது, தலைக்கு மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள் அறுந்து விழுந்தன. 114 பேர் மாண்டனர். 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

காரணம் மிகச் சிறிய மாறுதல். நான்காம் மாடி நடைபாலமும் அதன் கீழே இரண்டாம் மாடி நடைபாலமும், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட எஃகுக் கம்பிகளில் தொங்குவதாக முதல் வரைபடம் இருந்தது. கட்டும்போது வேலை எளிதாக வேண்டும் என்பதற்காக நீண்ட கம்பி இரண்டாக்கப்பட்டது. மேற்கம்பி கூரையிலிருந்து நான்காம் மாடிப் பாலத்தைத் தாங்கியது. கீழ்க்கம்பி நான்காம் மாடிப் பாலத்திலிருந்து இரண்டாம் மாடிப் பாலத்தைத் தொங்கவிட்டது. கிணற்றுக்குள் தொங்கும் கயிற்றை இருவர் மேலும் கீழுமாகப் பிடித்துத் தொங்கினால், ஒவ்வொருவர் கையும் அவரவர் எடையை மட்டும் தாங்கும். கீழே உள்ளவர் கயிற்றை விட்டு மேலே உள்ளவரின் காலைப் பற்றிக்கொண்டால், கயிறு தாங்கும் மொத்த எடை மாறுவதில்லை. மேலே உள்ளவரின் கைகள் தாங்கும் எடையோ இரட்டிப்பாகிறது. அவ்வாறே மேற்கம்பியின் முனையில் இருந்த திருகாணியும் அதனைத் தாங்கிய உத்தரமும் இரு மடங்குச் சுமையை ஏற்க நேர்ந்தது. முதல் வரைபடமேகூட விதிகள் வேண்டிய வலிமையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டையே கொண்டிருந்தது என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது.

இந்நிகழ்ச்சியை விளங்கிக்கொள்ளப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டியதில்லை. பள்ளி மாணவரே விளங்கிக்கொள்ளலாம். ஆயினும், கற்றறிந்தோர் பலர் பார்த்த வரைபடத்தில் அது எவர் கண்ணிலும் படவில்லை. பிழை காண்பதற்கு அறிவு மட்டும் போதாது, ஐயுறும் பழக்கமும் வேண்டும் என்னும் உண்மையை இப்பகுதி படிப்போர் நெஞ்சில் பதிக்கிறது. பெட்ரோஸ்கியின் எழுத்தாற்றல் இங்கு முழுமையாக வெளிப்படுகிறது.

மறதி என்னும் மூலநோய்

தோல்வி கற்பிக்கும் என்பது நூலின் கருத்து. ஆனால், தோல்வி தானே கற்பித்துவிடுமா என்று வினவுதல் திறனாய்வாளர் கடமை. வரலாறு அவ்வளவு எளிதான விடையைத் தரவில்லை.

1940ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டக்கோமா குறுகுநீர்த் தொங்குபாலம் திறக்கப்பட்டது. அதன் நடு அகலம் 853 மீட்டர். தளத்தின் அகலமோ 12 மீட்டர். தளத்தைத் தாங்கிய உத்தரங்களின் ஆழம் 2.4 மீட்டர் மட்டுமே. நாடா போல் மெலிந்த அப்பாலம் அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், மணிக்கு ஏறத்தாழ 67 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றில் முறுக்கிக்கொண்டு ஆடிக் கடலில் வீழ்ந்தது. இதனை வடிவமைத்த லியோன் மொய்சீஃப் தம் காலத்துத் தொங்குபால வல்லுநருள் தலைசிறந்தவர்.

காற்றினால் தொங்குபாலம் விழும் என்பது 1940இல் தோன்றிய புதிய செய்தியன்று. இங்கிலாந்தின் பிரைட்டன் சங்கிலித் துறை 1836ஆம் ஆண்டிலும், அமெரிக்காவின் வீலிங் பாலம் 1854ஆம் ஆண்டிலும் காற்றினாலேயே சிதைந்தன. அவ்வீழ்ச்சிகளை நுணுகி ஆராய்ந்த ஜான் ரோப்லிங், எடையாலும் விறைப்பாலும் துணைக்கம்பிகளாலும் காற்றை வெல்லலாம் என்று கண்டார். அவர் வகுத்த புரூக்ளின் பாலம் 1883ஆம் ஆண்டு திறக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. ரோப்லிங் கற்ற பாடம் அவருக்குப் பின் வந்தோரிடம் தேய்ந்தது. பாலங்கள் நின்றன, நின்றமையால் அச்சம் நீங்கிற்று, அச்சம் நீங்கவே உத்தரங்கள் மெலிந்தன. வெற்றியே மறதியை வளர்த்தது என்று பெட்ரோஸ்கி காட்டும் இக்கருத்து, அவர் நூலின் பெயரைவிட ஆழமானது. இதனை 1994ஆம் ஆண்டு வெளிவந்த 'டிசைன் பாரடைம்ஸ்' என்னும் நூலில் அவர் மேலும் விரித்தார்.

ஆயினும், அவ்விரிவில் ஒரு குறை உண்டு. 1847ஆம் ஆண்டு டீ பாலம், 1879ஆம் ஆண்டு டே பாலம், 1907ஆம் ஆண்டு கியூபெக் பாலம், 1940ஆம் ஆண்டு டக்கோமா, 1970ஆம் ஆண்டு வேல்ஸிலும் மெல்பர்னிலும் விழுந்த எஃகுப் பெட்டிப் பாலங்கள் எனப் பெரும் பால வீழ்ச்சிகள் ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கு ஒரு முறை நேர்வதாக சிப்லி, வாக்கர் என்னும் இருவர் 1977ஆம் ஆண்டு எழுதினர். ஒரு தலைமுறையின் பாடம் அடுத்த தலைமுறைக்குச் சேராமையே காரணம் என்னும் விளக்கத்தைப் பெட்ரோஸ்கியும் மிக விரும்பி எடுத்தாண்டார். கருத்து சிந்தனையைத் தூண்டுவதே. ஆனால், ஐந்து நிகழ்ச்சிகளைக் கொண்டு காலச் சக்கரம் ஒன்றை நிறுவுதல் அறிவியல் ஆகாது. இடையே விழுந்த பாலங்கள் எத்தனையோ இருக்க, எண்ணுக்குப் பொருந்துவனவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தல் எளிது. ஒரே ஓர் எதிர்ச்சான்று கருதுகோளை வீழ்த்தும் என்று கற்பித்த ஆசிரியர், தமக்கு உவந்த கருதுகோளை மட்டும் அவ்வளவு கடுமையாகச் சோதிக்கவில்லை.

டக்கோமா நிகழ்ச்சி கல்வியாளருக்கு இன்னொரு பாடமும் தருகிறது. காற்றின் துடிப்பும் பாலத்தின் இயல்பதிர்வும் ஒத்தமையால் ஒத்ததிர்வு உண்டாகிப் பாலம் விழுந்தது என்று இயற்பியல் பாடநூல்கள் பல பதிற்றாண்டுகளாக எழுதி வந்தன. அவ்விளக்கம் பொருந்தாது என்று பில்லா, ஸ்கேன்லன் என்னும் அறிஞர் இருவர் 1991ஆம் ஆண்டு விளக்கிக் காட்டினர். பாலத்தின் முறுக்காட்டமே காற்றின் விசையை மாற்றி, அவ்விசை மீண்டும் ஆட்டத்தை வளர்த்தது; வெளியிலிருந்து ஒத்த தாளத்தில் எவரும் தட்டவில்லை. தோல்வியைப் பற்றிய பாடமே தவறாகக் கற்பிக்கப்பட்டது என்பது இதனால் பெறப்படும். வீழ்ச்சியின் படத்தைக் காட்டி மாணவரை வியக்கச் செய்தல் எளிது. வீழ்ந்தது ஏன் என்று ஆராயும் உழைப்பு அரிது. அவ்வுழைப்பு இல்லாதபோது தோல்வியும் ஒரு வெறுங்கதையாகிவிடும்.

நூல் காணாத பக்கம்

பெட்ரோஸ்கியின் நாயகர்கள் பெரும்பாலும் துணிந்து புதுமை செய்தவர்கள். நீளமான பாலம், மெல்லிய கூரை, விரைவான வானூர்தி என எல்லையைத் தொட முயன்று தடுமாறியவர்கள். சிங்கப்பூரிலிருந்து இலண்டன் நோக்கிச் சென்ற கோமெட் வானூர்தி 1954ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் எல்பா தீவருகே வானில் சிதைந்து, அதில் இருந்த 35 பேரும் மாண்ட நிகழ்ச்சி அத்தகையது. முன்னோர் செல்லாத உயரத்தில் செல்லும் வானூர்தியின் உடல், காற்றழுத்தத்தால் மீண்டும் மீண்டும் விரிந்து சுருங்கி, களைத்துப் பிளந்தது. முழு வானூர்தி உடலையும் நீர்த்தொட்டியில் அமிழ்த்திச் சோதித்து அதனைக் கண்டுபிடித்தனர். இங்கே தோல்வி அறியாமையின் விளைவு. ஆய்வு அவ்வறியாமையை நீக்கியது.

மலேசியாவும் சிங்கப்பூரும் கண்ட பெரும் வீழ்ச்சிகள் இவ்வகையில் அடங்குவனவல்ல. 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்டு இயங்கிய ஆறு மாடிக் கட்டடம் சில நொடிகளில் தரைமட்டமானது. 33 பேர் மாண்டனர். 17 பேர் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டனர். அக்கட்டடத்தில் புதுமை ஏதும் இல்லை. துணிவு ஏதும் இல்லை. அதன் தூண்களைக் கணக்கிட்டபோது கட்டடத்தின் சொந்த எடையாகிய நிலைச்சுமை சேர்க்கப்படவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. மக்களையும் பொருளையும் தாங்கக் கணக்கிட்டவர்கள், கட்டடம் தன்னைத் தானே தாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை. வலியறிதல் அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டியைக் காட்டும் வள்ளுவர், அங்கேயே எண்ண வேண்டிய வலிகளுள் தன் வலியையும் சேர்த்துள்ளமை ஈண்டு நினையத்தகும். 1971ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடம் பதினைந்து ஆண்டுகள் நின்றது என்பதே அதனைப் பயன்படுத்தியோருக்கு வலிமையின் சான்றாகத் தோன்றியிருக்கும்.

1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் கோலாலம்பூரை அடுத்த உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்ககத்தின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டனர். பின்னிருந்த மலைச்சரிவில் நீர் வடிய வழியின்றி, தாங்குசுவர்கள் சரிந்து, மண் நகர்ந்து, கட்டடத்தின் அடித்தளத்தைத் தள்ளியது. மழை பெய்தால் சரிவு நெகிழும் என்பது இந்நாட்டில் தோட்டத்தில் வாழ்ந்த எவரும் அறிந்ததே. இங்கும் அறியாமை காரணமன்று. அறிந்ததைச் செய்யாமையும், செய்தார்களா என்று பார்க்காமையுமே காரணம்.

ஆகவே, துணிவினால் வரும் தோல்விக்கும் புறக்கணிப்பினால் வரும் தோல்விக்கும் வேறுபாடு உண்டு. முன்னது அறிவை வளர்க்கும். பின்னது ஏற்கெனவே உள்ள அறிவை நினைவூட்ட மட்டுமே செய்யும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, தோல்வியால் அறிவு வளர்கிறது என்று பொதுவாகச் சொல்வது, மாண்டவருக்கு இழைக்கும் அநீதியாக முடியும். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் கியூபெக் பாலம் விழுந்தபோது மாண்ட 75 பேரும் அதன்மேல் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளிகள். பாலத்தின் நீளத்தைக் கூட்டியபோது அதன் எடையை மீண்டும் கணக்கிடாதவர் வேறு. அதற்கு உயிரால் விலை கொடுத்தவர் வேறு. பொறியியலாரின் மேசையிலிருந்து பார்க்கும்போது தோல்வி ஒரு பாடமாகத் தெரிகிறது. பாலத்தின் மேல் நின்றவரின் குடும்பத்திற்கு அது பாடமன்று. 1985ஆம் ஆண்டு நூலில் இப்பக்கம் மங்கலாகவே இருக்கிறது. 2012ஆம் ஆண்டு வெளியிட்ட 'டு ஃபர்கிவ் டிசைன்' என்னும் நூலில் நிறுவனங்களின் பொறுப்பையும் மனிதப் போக்கையும் பெட்ரோஸ்கி விரிவாக எடுத்துக்கொண்டமை, அவரே இக்குறையை உணர்ந்தார் என்பதைக் காட்டுகிறது. தம் நூலையே திருத்திக்கொண்ட அப்பண்பு பாராட்டுக்குரியது.

சிங்கப்பூர் தன் 1986ஆம் ஆண்டு வீழ்ச்சியிலிருந்து கற்றது எவ்வாறு என்பதும் நோக்கத்தக்கது. யாரோ ஒரு பொறியியலார் மனம் திருந்தியதால் அது நிகழவில்லை. 1989ஆம் ஆண்டுக் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒருவர் செய்த வடிவமைப்பை வேறொருவர் தனியே சரிபார்க்க வேண்டும் என்னும் முறை வந்தது. கட்டி முடித்த கட்டடங்களைக் குறித்த காலத்திற்கு ஒரு முறை சோதிக்கும் முறையும் வந்தது. ஆயினும், 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் நிக்கோல் நெடுஞ்சாலையருகே வட்டப்பாதை ரயிலுக்காகத் தோண்டிய ஆழ்குழியின் தாங்குசட்டங்கள் நிலைகுலைந்து நால்வர் மாண்டனர். மண்ணின் வலிமையை மிகையாக மதிப்பிட்டமையும், சட்டங்களின் இணைப்பு வலுவற்றிருந்தமையும், முன்னறிகுறிகளை உரியவாறு மதிக்காமையும் காரணங்களாகக் காணப்பட்டன. நிலையான கட்டடத்திற்காகக் கற்ற பாடம், கட்டும்போது மட்டும் இருக்கும் தற்காலிக அமைப்புகளுக்குப் போதிய அளவு சென்று சேரவில்லை. பாடம் தானாக நகர்வதில்லை. ஒவ்வொரு துறைக்கும் அதனை ஒருவர் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

வகுப்பறையில் விடப்பட்ட இடைவெளி

பெட்ரோஸ்கி ஆசிரியராய் இருந்தும், மாணவரின் தவற்றை ஆசிரியர் எவ்வாறு கையாள வேண்டும் என்பதைப் பற்றி அவர் நூல் குறைவாகவே பேசுகிறது. பெரும்பாலங்களின் தோல்வி பாடமாகிறது. மாணவரின் தோல்வி மதிப்பெண்ணாக மட்டுமே நின்றுவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வராதபோது, மாணவர் அதனை அழித்துவிட்டு, வர வேண்டிய எண்ணை எழுதிக்கொள்வது எங்கும் காணும் வழக்கம். அவர் அன்று கற்றது அறிவியல் அன்று. பிழையை மறைக்கும் கலை. அதே பழக்கத்தோடு அவர் பின்னாளில் வரைபடத்தின் முன் அமரும்போது அதன் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடைவெளியை நிரப்பத்தக்க ஆய்வு ஒன்று சிங்கப்பூரோடு தொடர்புடையதாகவே தோன்றியது. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய மனு கபூர் 2008ஆம் ஆண்டு முதல் எழுதிய ஆய்வுகளில் 'பயன்தரு தோல்வி' என்று பொருள்படும் கருத்தை முன்வைத்தார். வழிமுறையைக் கற்பிப்பதற்கு முன்பே கடினமான கணக்கை மாணவர் குழுக்களிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் பல வழிகளில் முயல்வர். பெரும்பாலோர் சரியான விடையை அடையார். அதன் பின்னரே ஆசிரியர் அவர்களுடைய முயற்சிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எங்கே தடுமாறிற்று என்று காட்டிச் சரியான வழியைக் கற்பிப்பார். முதலிலேயே வழியைக் கேட்டுக் கற்றவரைவிட, இவ்வாறு கற்றவர் கருத்தை ஆழமாக உணர்ந்தனர் என்பது அவர் கண்ட முடிவு. இதில் கருதத்தக்கது, ஆசிரியர் இறுதியில் செய்யும் பணியாகும். அது இல்லையெனில் முன்னே நிகழ்ந்தது வெறுந்தோல்வி. மாணவரைத் தவறவிட்டுத் தனியே விட்டுவிடுவது கல்வியாகாது.

தமிழ் ஆசிரியருக்கு இது புதிய நெறி அன்று. உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கியபோது, மாறுபட்ட பாடங்களைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அடிக்குறிப்பில் காத்து வைத்தனர். ஏடெழுதியவரின் கை எங்கே, ஏன் தடுமாறிற்று என்று ஆராய்ந்தே மூலத்தை மீட்டனர். பிழையை அழிக்காமல் ஆராய்வது தமிழ்ப் புலமையின் மரபுகளுள் ஒன்று என்பதை மாணவருக்கு உணர்த்தலாம்.

சொல்லும் பொருளும்

மொழி நோக்கிலும் ஒன்று கூறத்தகும். ஆங்கிலத்தில் மாணவர் தேர்வில் தவறுவதற்கும் பாலம் முறிவதற்கும் ஒரே சொல்லே வழங்குகிறது. பெட்ரோஸ்கியின் நூல் முழுதும் அந்த ஒற்றைச் சொல்லின் இரு பொருள்களிடையே ஊசலாடுகிறது. அதனால் மனிதக் குறையும் பொருளின் குறையும் சில இடங்களில் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. தமிழில் பாலம் தோற்றது என்று எவரும் சொல்லார். முறிந்தது, இடிந்தது, சரிந்தது என்பர். தோல்வி என்பது போட்டியையும் மானத்தையும் சார்ந்த சொல். முறிவு என்பது பொருளின் நிலையைக் கூறும் சொல். பிழை, தவறு என்பன செய்தவரைச் சுட்டுவன. இவ்வேறுபாட்டைத் தமிழ் ஆசிரியர் பயன்படுத்திக்கொள்ளலாம். முறிவை முறிவாகப் பார்த்தால் காரணத்தைத் தேடத் தோன்றும். தோல்வியாகப் பார்த்தால் மறைக்கத் தோன்றும். தமிழில் பொறியியற் கருத்துகளை எழுதுவோர் எல்லாவற்றுக்கும் தோல்வி என்றே மொழிபெயர்த்தால், தமிழ் தானாகவே தரும் தெளிவை இழந்தவராவர்.

மதிப்பீடு

குறைகள் இருப்பினும், 'டு எஞ்சினியர் இஸ் ஹியூமன்' பயின்று பயன்கொள்ளத்தக்க நூல். துறை வல்லுநர்க்கு மட்டும் உரியதாய் இருந்த அறிவைப் பொதுமக்களின் உரிமையாக்கியது அதன் முதற்சிறப்பு. மேலே உள்ள கூரையைப் பற்றி வினவும் தகுதி, அதன் கீழே வாழும் எவருக்கும் உண்டு என்னும் உணர்வை அது தருகிறது. நழுவுகோல் மறைந்து கணிப்பொறி வந்த காலத்தில், பொறி தரும் நீண்ட எண்களை நம்பித் தன் மதிப்பீட்டை இழத்தல் ஆகாது என்று அது விடுத்த எச்சரிக்கை, கணிப்பொறியே விடையையும் விளக்கத்தையும் எழுதித் தரும் இந்நாளில் இன்னும் பொருந்துகிறது. 1978ஆம் ஆண்டு ஜனவரியில் ஹார்ட்ஃபர்டு நகர விளையாட்டரங்கின் கூரை, ஆட்டம் முடிந்து மக்கள் கலைந்த சில மணி நேரத்தில் பனிச்சுமையால் விழுந்தது. அக்கூரையும் கணிப்பொறியால் கணக்கிடப்பட்டதே.

ஆனால், நூலின் தலைமைக் கருத்தை அப்படியே ஏற்றல் இயலாது. தோல்வி எவருக்கும் ஆசிரியர் ஆவதில்லை. அதனை மறைக்காமல் வெளியிடுவோரும், காரணத்தைப் பொறுமையுடன் தேடுவோரும், கண்டதைச் சட்டமாகவும் பாடமாகவும் எழுதி வைப்போரும், அடுத்த தலைமுறைக்கு ஓயாமல் சொல்வோருமே ஆசிரியர் ஆவர். இவர்களுள் ஒருவர் தம் கடமையில் தவறினாலும் அடுத்த பாலம் விழும்.

கனடாவில் பொறியியற் கல்வி முடிப்போர் ஓர் உறுதிமொழி கூறிச் சிறுவிரலில் இரும்பு மோதிரம் அணிந்துகொள்ளும் சடங்கு 1925ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. வீழ்ந்த கியூபெக் பாலத்தின் இரும்பிலிருந்தே முதல் மோதிரங்கள் செய்யப்பட்டன என்று ஒரு கதை வழங்குகிறது. அது உண்மையன்று. ஆயினும், வரைபடத்தின் மீது கை நகரும்போதெல்லாம் தாளில் உராயும் அம்மோதிரம், ஒருவர் செய்யும் கணக்கின் மறுமுனையில் உயிர்கள் உள்ளன என்பதை நினைவூட்டவே அணியப்படுகிறது. சிராங்கூன் சாலையிலும் உலு கிள்ளானிலும் மாண்டவர்களின் நினைவை அத்தகைய மோதிரமாக மாணவர் மனத்தில் அணிவிப்பது ஆசிரியரின் கையில் இருக்கிறது. அதற்குத் தொடக்கமாக, அடுத்த முறை மாணவரின் ஏட்டில் தவறான விடையொன்றைக் காணும் ஆசிரியர், சிவப்புக் கோடு இடுவதற்கு முன் இவ்விடை எவ்வாறு வந்தது என்று ஒரு கேள்வி கேட்பாராயின் அதுவே போதும்.